பெரியப்பாவின் ரன்னர்

எங்கள் பெரியப்பாவைப் பற்றிக் கூமாப்பட்டியில் இன்றைக்கும் நாலு நல்ல வார்த்தை சொல்லுவார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்து, சுபேதாராகத் திரும்பி வந்தவர். ஆட்களை நடத்தத் தெரிந்தவர் என்று ஊரெல்லாம் பேர். ஆட்களை நடத்துவது என்றால் என்ன என்று நானும் அவரிடம்தான் படித்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்த மனிதருக்கு வீட்டில் கை கால் நிற்கவில்லை. காலையில் நெல் அடிக்கிற களத்தில் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி லெப்ட் ரைட் போட வைப்பார். ஒவ்வொருவருக்கும் ஒரு பதவி. நான் பொம்பளைப் பிள்ளையானாலும் நன்றாக ஓடுவேன், அதனால் ரன்னர். சண்டை நடக்கிற இடத்தில் தந்திக் கம்பி அறுந்துபோனால் சேதியைக் கையில் கொண்டு ஓடுகிறவனுக்கு அந்தப் பேராம். ரன்னருக்கு மூளை வேண்டாம், கால் போதும் என்பார். சேதியில் என்ன இருக்கிறது என்று யோசிக்கக் கூடாது. எதிரே நிற்கிற மூத்த அதிகாரி “என்ன சேதி?” என்று கேட்டால் மூன்று எட்டு வைத்து, சல்யூட் அடித்து, அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். களத்தில் அந்த ஆபீசர் எப்போதும் பெரியப்பாதான். தப்பாகச் செய்தால் களத்தைப் பத்துச் சுற்று ஓட வேண்டும். நான் ஒரு தடவைகூட ஓடியதில்லை. அம்புட்டுப் பெருமை எனக்கு.

ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்துவிட்டான் என்று பேச்சு அடிபட்ட சமயம். பட்டாளத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும்படி பெரியப்பாவுக்குச் சர்க்காரிடமிருந்து கடுதாசி வந்தது. பழைய உடுப்பைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, மெடலைக் குத்திக்கொண்டு, சுந்தரபாண்டியம், கான்சாபுரம் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கேட்டவர்களுக்கெல்லாம் மயிர்க்கூச்செறியும். ஆனால் கான்சாபுரத்தில் ஒரு பொம்பளை மட்டும் கூட்டத்திலிருந்து எழுந்து, “அதெல்லாம் சரிதான்யா. ஒங்க வீட்டுலேருந்து யாரு போறா?” என்று கேட்டுவிட்டாளாம். பெரியப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டார். “முன்னால நிக்கிறவன் வீட்டுலேருந்துதான் மொதல்ல குடுக்கணும் தம்பி” என்றார். அப்பா அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்துகூடப் பழகாதவர். “சரிண்ணே” என்றார். அவ்வளவுதான், என் அண்ணன் பட்டாளத்துக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. பெரியப்பாவுக்கும் ஒரு மகன் இருந்தான். என் அண்ணனைவிட ஆறு மாதம் மூத்தவன். அவன் ராஜபாளையத்தில் தங்கி ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தான். படிக்கிற பிள்ளையாம். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிற கதை எங்களைப்போல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் வீட்டிலும் உண்டு, ஆனால் அதை உடைக்கிறபோது எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

என் அண்ணன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வெடி போட்டால் அம்மா சேலைக்குப் பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொள்கிற ஆள். மீசை அரும்புகிற வயதிலும் அப்படித்தான். நாங்கள் கேலி செய்தால் வெட்கத்தோடு சிரிப்பான். அந்தப் பிள்ளையைத்தான் பீரங்கிக்குப் பக்கத்தில் நிறுத்தப் போனார்கள். பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, “சத்தம் பழகிரும்” என்றார்.

அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பதினெட்டு முடிந்தால்தான் பட்டாளத்தில் எடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அண்ணனுக்குப் பதினாறு முடியவில்லை. அப்பாவிடம் சொன்னால், “எங்கண்ணனுக்குத் தெரியாததா?” என்றார். ஊரில் மற்றப் பையன்களுக்கு வயசு என்பது வாய்ச்சொல்தான். கண்மாய் உடைந்த வருஷம் பிறந்தவன், காலரா வந்த வருஷம் பிறந்தவன் என்பார்கள், அதை எப்படி வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அப்படியில்லை. பிறந்த தேதியும் ஞானஸ்நானம் கொடுத்த தேதியும் சர்ச்சுப் புஸ்தகத்தில் ஏறியிருக்கும். அம்மா யாருக்கும் தெரியாமல் உபதேசியாரிடம் போய், புஸ்தகத்தைப் பார்த்து ஒரு சீட்டு எழுதி வாங்கி வந்துவிட்டாள்.

அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? ஆள் எடுக்கிற முகாம் ஸ்ரீவில்லிபுத்தூரில். அத்தனை ஆம்பளைக் கூட்டத்துக்குள் அம்மா போக முடியாது. அந்த நேரத்தில் பெரியப்பாவே வழி விட்டார். தான் பழக்கிய பிள்ளை எப்படிச் சல்யூட் அடிக்கிறது என்று வெள்ளைக்காரத் துரைக்குக் காட்ட வேண்டும், அதனால் ரன்னரும் வண்டியில் வரட்டும் என்று உத்தரவு.

அம்மா விடியற்காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே சீட்டை என் பாவாடை மடிப்பில் செருகினாள். “ஏட்டி, இத மேசையில உக்காந்திருக்க வெள்ளைக்காரன் கையில குடு. வேற யாரு கேட்டாலும் குடுத்திராத. இதப் பாத்தா அண்ணன வீட்டுக்கு அனுப்பிருவாக” என்றாள். கர்த்தர் மேல் ஆணையாகச் சரி என்றேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதுவரை வேப்பிலையும் பழைய காகிதமும்தான் கொண்டு ஓடியிருக்கிறேன். இது நிஜமான சேதி.

முகாம் ஒரு புளியந்தோப்பில். மரங்களுக்கு மேலே கோபுரம் தெரிந்தது. பையன்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். என் அண்ணன் எட்டாவதோ ஒன்பதாவதோ. மேசைக்குப் பின்னால் சிவந்த முகத்தோடு துரை, அவருக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெரியப்பா. நான் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே மேசையைப் பார்த்து நடந்தேன். இன்னும் பத்து எட்டுதான் இருக்கும்.

“ரன்னர்! என்ன சேதி?”

களத்தில் கேட்கிற அதே குரல். என் மனசு யோசிப்பதற்கு முன்னால் கால் மூன்று எட்டு வைத்துவிட்டது. கை சல்யூட் அடித்தது. மற்றக் கை சீட்டை நீட்டியது. வேறு யார் கேட்டாலும் கொடுக்காதே என்றுதான் அம்மா சொன்னாள். பெரியப்பா எனக்கு வேறு யாரோ இல்லையே!

அவர் பிரித்துப் படித்தார். நிதானமாக, உதடு அசையப் படித்தார். வரிசையில் நின்ற அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டார். அப்புறம் குதிகாலைச் சேர்த்து எனக்குப் பதில் சல்யூட் அடித்தார். அதற்கு முன் எந்தப் பிள்ளைக்கும் அவர் பதில் சல்யூட் அடித்ததே கிடையாது. துரைகூடச் சிரித்தார். நான் தரையில் கால் பாவாமல் வண்டிக்குத் திரும்பினேன்.

மத்தியானம் அண்ணன் என்னைத் தேடி வந்தான். மார்பில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு நம்பர் போட்டிருந்தது. தேறிவிட்டானாம். சாயங்காலமே ரயிலில் ஏற்றுகிறார்களாம். “அம்மாகிட்ட சொல்லுட்டி. பூட்ஸெல்லாம் தாராக” என்றான்.

“நீ போக மாட்டண்ணே” என்றேன் நான். “அம்மா உன் வயசுச் சீட்டுக் குடுத்துவிட்டா. நான் சேத்தாச்சு.”

அவன் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. “யாருகிட்டட்டி குடுத்த?”

“பெரியப்பாகிட்ட.”

அவன் மேசைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். என் பின்னலைப் பிடித்து லேசாக ஒரு இழுப்பு இழுத்தான். எப்போதும் செய்கிறதுதான். பிறகு போய் வரிசையில் நின்றுகொண்டான்.

திரும்பி வருகிற வண்டியில் கண் பார்வை போதாத ஒருவனும் உயரம் போதாத ஒருவனும் எங்களோடு வந்தார்கள். ஆனால் அண்ணன் வரவில்லை. “சீட்டு என்னாச்சு பெரியப்பா?” என்று கேட்டேன். “மேல அனுப்பியாச்சு” என்றார். மேலே என்றால் டெல்லியோ லண்டனோ என்று நினைத்துக்கொண்டேன். அங்கே போய்ப் பதில் வரச் செத்த நேரம் ஆகத்தானே செய்யும்.

அம்மா அண்ணனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வண்டியில் அவன் இல்லை என்று தெரிந்ததும் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டாள். “பெரிய ஆபீசர் கைல குடுத்தேம்மா. மேல அனுப்பியாச்சாம்” என்றேன். பெரியப்பா வண்டிக்குப் பக்கத்தில்தான் நின்றார். அம்மா துரையைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். அவள் அப்படி எடுத்துக்கொண்டதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார், பாவி மனுஷன்.

அதற்கப்புறம் அம்மா மேலேயிருந்து வரப்போகிற பதிலுக்காகக் காத்திருந்தாள். தபால்காரன் தெருவில் திரும்பினால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவாள். அண்ணனிடமிருந்து மூன்று கடுதாசி வந்தது, அவள் கேட்ட பதில் வரவில்லை. “வரும்மா. பெரியப்பாவே சொன்னாக” என்று நான்தான் தினமும் தேற்றுவேன். பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா அவருக்கு முதல் சோறு போட்டாள். மேலே எழுதிக் கேட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினாள். அவரும் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். ஆள் சேர்த்துக் கொடுத்ததற்கு அவருக்கு இன்னொரு மெடல் வந்தது. சொந்த வீட்டுப் பிள்ளையையே கொடுத்தவர் என்று மேடையில் பேசினார்களாம்.

தந்தி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த நேரம். இங்கிலீஷில் இருந்ததால் பெரியப்பாதான் படித்துச் சொன்னார். விறைப்பாக நின்றுகொண்டு, குரல் கம்மாமல் சொன்னார். முன்னால் நிற்கிறவன் ஆட்களுக்கு எதிரே அழக்கூடாது என்பதும் அவருடைய பாடங்களில் ஒன்று. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“ஏட்டி, நெசத்தச் சொல்லு. அன்னைக்கு அந்தச் சீட்ட நீ ஒழுங்காச் சேத்தியா, இல்ல எங்கயும் தொலச்சிட்டியா?”

பெரியப்பா தந்தியை மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். நான் சீட்டைத் தொலைத்துவிட்டதாக அம்மா நினைத்துவிட்டாளே என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான் நிமிர்ந்து நின்றேன்.

“தொலைக்கலம்மா. ஆபீசர் கைலதான் குடுத்தேன். எனக்கு முன்னாலயே முழுசாப் படிச்சாக.”

“படிச்சுமா எடுத்தான், அந்த வெள்ளைக்காரப் பாவி!” என்று அம்மா தரையில் விழுந்து அலறினாள்.

பெரியப்பா நெஞ்சிலிருந்து நீளமாக ஒரு மூச்சு விட்டார். அருகில் வந்து என் தலையில் கை வைத்தார். பாவம், பெரியப்பாவுக்கும் அண்ணன் மேல் எம்புட்டுப் பாசம் என்று நினைத்துக்கொண்டு, நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.