காய்ச்சல் என்று சொன்னேன்

அமெரிக்காவில், டெக்சஸின் ரிச்சர்ட்சனில் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை என் கணவருக்கு வேலை போய்விட்டது. எங்கள் விசாவும் அந்த வேலையை நம்பித்தான். மறுநாள் மாலை எங்கள் வீட்டில் தமிழ்ச் சபையாரின் ஜெபக்கூட்டம். பாடவோ சமைக்கவோ எனக்குத் தெம்பில்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. “எனக்குக் காய்ச்சல், கூட்டத்த கேன்சல் பண்ணிடுங்க” என்று சபையில் மூத்தவரான மேரி ஆன்ட்டிக்கு அன்றிரவே போன் செய்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காய்ச்சல் என்றால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? எனக்காக ஜெபிக்க, ரசமும் சாதமுமாக மறுநாள் மாலை எல்லாரும் வாசலில் நின்றார்கள். ஆன்ட்டி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

“ஜில்லுன்னு இருக்கே. என்னம்மா ஆச்சு?”

“அவருக்கு லே ஆஃப் ஆயிடுச்சு ஆன்ட்டி” என்று அழுதுவிட்டேன்.

ஆன்ட்டி கையை எடுக்கவில்லை. “சரி, அதுக்கே ஜெபிப்போம். முதல்ல சாப்பிடு.”

அன்று யாரிடமும் எங்களுக்குத் தர வேலை இல்லை. ஆனாலும் என் கணவர் வாய்விட்டுப் பாடினார். கர்த்தர் எங்களைக் கைவிடவில்லை என்று எனக்கு அந்தக் கையிலேயே தெரிந்தது. அவ்வளவு களைப்பிலும் சந்தோஷமாக இருந்தது.

இப்போதெல்லாம் யாராவது “இந்த வாரம் வர வேண்டாம்” என்று போன் செய்தால், நான் காரணம் கேட்பதில்லை. அடுப்பில் ரசத்தை வைத்துவிடுகிறேன்.