கமலாவின் வயலின் நின்ற கதை

சிராங்கூன் சாலையில் இருக்கும் எங்கள் புடவைக் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள், கமலாவைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அவளுக்குச் சீன முகம். "பார்டர் சின்னதா வேணுமா, பெரிசா வேணுமா?" என்று அவள் தமிழில் கேட்டதும் வாயைப் பிளப்பார்கள். பிறகு விசாரணை ஆரம்பமாகும். பிறந்த சில நாளிலேயே ஒரு சீனக் குடும்பம் கொடுத்துவிட்ட பிள்ளை, எடுத்து வளர்த்தவர்கள் யாழ்ப்பாண வழிவந்த தில்லையம்பலமும் பூரணமும் என்று அறுபது வயதுக்கு மேலும் அவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அந்தக் காலத்தில் இந்த ஊரில் அப்படி வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். கேட்கிறவர்களுக்கு மட்டும் அவள்தான் முதல் அதிசயம்.

போன மாதம் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண், "உங்க கதைய சினிமாவாவே எடுக்கலாம் அக்கா" என்றாள்.

"நெறைய எடுத்துட்டாங்க லா" என்று சொல்லிவிட்டுக் கமலா புடவையை மடித்தாள். பக்கத்து மேசையில் ஜாக்கெட் துணி வெட்டிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

அந்தப் படங்களை நானும் பார்த்துத் தொலைத்திருக்கிறேன். தத்துப்பிள்ளை என்றால் அதற்குப் பாட்டு வந்தே தீரும். யாரும் சொல்லித்தராமலே ராகம் பிடிக்கும். கடைசிக் காட்சியில் மேடையேறும்போது, முன்வரிசையில் பெரிய வித்துவான் ஒருவர் கண்கலங்கி எழுந்து நிற்பார். அவர்தான் பெற்றவர். பிள்ளை ஓடிப்போய் அவர் காலில் விழும். இத்தனை வருஷம் சோறு போட்டு, காய்ச்சலில் கண்விழித்தவள் தூண் ஓரமாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். அவளுக்கு அவ்வளவுதான் வேலை. எனக்கு அந்த இடத்தில் பற்றிக்கொண்டு வரும்.

கமலாவும் சின்ன வயதில் வயலின் படித்தாள். நன்றாகவே வாசிப்பாளாம். பன்னிரண்டு வயதில் பள்ளி ஆண்டுவிழாவில் வாசித்தாள். அடுத்த வாரமே, பரீட்சை வருகிறது என்று அம்மா வகுப்பை நிறுத்திவிட்டாள். இந்த ஊரில் பரீட்சை என்று சொல்லி எதை நிறுத்தினாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பரீட்சை முடிந்து இவள் கேட்டபோது, வயலினை யாருக்கோ கொடுத்துவிட்டதாக அம்மா சொன்னாள். அதற்குப் பிறகு கமலா எந்த வாத்தியத்தையும் தொடவில்லை. கச்சேரிக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டாள். கால் வலி என்பாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போன பிறகு பொங்கோல் பக்கத்து அடுக்குமாடி வீட்டில் அவளும் அம்மாவும்தான். பூரணத்தம்மாவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. ஞாபகம் வருவதும் போவதுமாக இருக்கிறது. கடையிலிருந்து போய் அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் படுக்கும்போது தன் பெயர்கூட மறந்துபோகும் என்பாள் கமலா.

ஒரு ஞாயிறு மத்தியானம் நான் அங்கே போயிருந்தேன். தொலைக்காட்சியில் அதே மாதிரிப் படம் ஒன்று ஓடியது. மேடையில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். பூரணத்தம்மா திடீரென்று கையை ஆட்டி, அதை நிறுத்தச் சொன்னாள். கமலா நிறுத்தினாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீயும் போய்விடுவாயா என்று கேட்டாள். எங்கே போவது என்று கமலா அலுப்போடு கேட்டாள்.

"அண்டைக்கு நீ முன்னுக்கு இருந்த அந்தச் சீன மனுசனையே பாத்துப் பாத்து வாசிச்சாய் பிள்ளை. நான் பின்னுக்கு இருந்தனான். என்னை ஒருக்காலும் பாக்கேல்லை. அதுதான் நிப்பாட்டினனான்."

எனக்கு முதலில் புரியவில்லை. கமலாதான் மெதுவாகச் சொன்னாள். அந்த ஆண்டுவிழாவுக்குச் சீன வணிகர் ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்திருந்தாராம். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அம்மா, அப்பா, இவள் மூன்று பேரும் தியேட்டரில் அப்படியொரு படம் பார்த்திருக்கிறார்கள். ஒரே படத்தை அம்மாவும் நம்பினாள், மகளும் நம்பினாள். வயலின் கேட்க வந்தவர் தன்னைப் பெற்ற அப்பாவாகத்தான் இருப்பார் என்று மகள். மேலும் வாசித்தால் அப்படி யாராவது வந்து பிள்ளையைக் கூட்டிப்போய்விடுவார் என்று அம்மா. பாவம், அந்த மனிதர் பரிசு கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்.

எனக்குக் கோபம் பொங்கியது. ஒரு சினிமாவுக்காக ஒரு பிள்ளையின் கையிலிருந்து வயலினைப் பிடுங்குவார்களா? கமலா சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடட்டும் என்றுகூட நினைத்தேன்.

அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஓம் அம்மா, தேடினனான்" என்றாள்.

அம்மா அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "இப்பவும் தேடுறியோ?"

"இல்லை அம்மா. தேடத் தெம்பில்லை."

பூரணத்தம்மா அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். ஐம்பது வருஷத்துப் பயம் விட்டுப்போன முகம். சற்று நேரத்தில் அயர்ந்து தூங்கிவிட்டாள். அந்த நிம்மதியை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கமலா பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பிடித்த கையை அவள் விடுவித்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.