காலித் தொட்டிப் போராட்டம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் வாய் திறப்பதே அபூர்வம். ஆனால் இணையத்தில், கள்ளிச்செடி வளர்ப்போர் குழுவுக்கு அவர்தான் நாட்டாமை. சம்பளம் கிடையாது. பார்வை சோதிக்க வந்தவரை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார்த்தி, "கடைசி வரியைப் படிச்சிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு, குழுவில் வந்து விழும் வழுக்கை மருந்து விளம்பரங்களைக் களையெடுப்பார்.

களையெடுக்க உதவிய செயலி, யாரோ ஒரு வெளியாள் சும்மா செய்து கொடுத்தது. திடீரென்று, அப்படிப்பட்ட செயலிகளெல்லாம் இனிக் கப்பம் கட்ட வேண்டும் என்று தளத்தை நடத்தும் நிறுவனம் விதியை மாற்றியது. செய்தவர் கையை விரித்துவிட்டார். மறுநாள் குழு முழுக்க வழுக்கை மருந்து.

கடைக்காரர் கொதித்தெழுந்தார். விதியைத் திரும்பப் பெறும்வரை ஒரு கள்ளிச்செடிகூடப் போடக் கூடாது, வெறும் தொட்டிப் படம் மட்டுமே என்று அறிவித்தார். நிறுவனம் ஆடிப்போய்விடும் என்று மனதார நம்பினார்.

உறுப்பினர்கள் உற்சாகமாகப் போட்டார்கள். உடைந்த தொட்டி, பெயின்ட் டப்பா. ஒருவர் கழிப்பறைத் தொட்டியைப் போட்டு லைக்குகளை அள்ளினார். செடியே வளர்க்காதவர்களும் வந்து குவிந்தார்கள். காலித் தொட்டி யார் வீட்டில்தான் இல்லை? நிறுவனம் வாழ்த்து அனுப்பியது: "இந்த மாதத்தின் துடிப்பான குழு!"

"போராட்டம் பிச்சிக்கிட்டுப் போகுது போல" என்றாள் மனைவி.

"நக்கலா?"

"வாழ்த்துதானே வந்திருக்கு, ஏன் கோவப்படுறீங்க?"

அவமானம் தாங்காமல் குழுவையே இழுத்துப் பூட்டினார். அப்போதுதான் நிறுவனத்துக்கு உறைத்தது. அவரைப் பொறுப்பிலிருந்து தூக்கிவிட்டு, உறுப்பினர்களில் யார் வருகிறீர்கள் என்று கேட்டது. கை தூக்கியவன் மனைவியின் தம்பி! வீட்டுத் தரகன், கள்ளிக்கும் கத்தாழைக்கும் வித்தியாசம் தெரியாதவன்.

கடைக்காரர் நீளமாக ஒரு கண்டனம் எழுதிப் போட்டார். 'நிர்வாகியின் அனுமதிக்குக் காத்திருக்கிறது' என்று வந்தது. காத்திருந்தார். அனுமதி வந்தபாடில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் சாப்பிட வந்திருந்தான்.

"வாயிருக்குல்ல, கேளுங்களேன். பக்கத்துலதானே உக்காந்திருக்கான்" என்றாள் மனைவி.

கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "நான் எழுதினது என்னடா ஆச்சு?"

"பார்த்தேன் மாமா. நல்லாத்தான் இருக்கு. ஆனா தொட்டிப் படம் இல்லையே. நம்ம குழுவுல தொட்டி மட்டும்தானே ரூல்?"

"அந்த ரூலைப் போட்டதே நான்தான்டா!"

"அதனாலதான் மாமா, மாத்த மனசு வரல."

கடைக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து பால்கனிக்குப் போனார். போராட்ட மும்முரத்தில் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஒரு கள்ளி இளஞ்சிவப்பாகப் பூத்து நின்றது. பழக்கதோஷத்தில் கைபேசியை எடுத்தவர், எங்கே போடுவது என்று தெரியாமல் விழித்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

"அட, இதெல்லாம் பூக்குமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள் அவள். அவர் விளக்கத் தொடங்கினார். அவள் கையில் சோறு காய்ந்ததுதான் மிச்சம்.