கட்டிலோரச் சுவர்

இதைச் சொல்லி முடித்ததும் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பெண்டாட்டியை அடித்தவன் பழியைப் பேய் மேல் போடுகிறான் என்பீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன், ஏனென்றால் பேய், காத்து, கருப்பு எதையும் நான் நம்பினவன் இல்லை. எங்கள் மத்தூரில் யாருக்காவது சாமி வந்தால்கூட ஓரமாக நின்று மனசுக்குள் சிரிக்கிற ஆள். எட்டு வருஷமாக ஓசூரில் ஒரு கம்பெனியில் பிரேக் பாகங்கள் கடையும் மெஷினில் நிற்கிறேன். அளவு சரியா இல்லையா, அவ்வளவுதான் என் உலகம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

பாகலூர் ரோடு பக்கம் ஒரு பழைய தளம் போட்ட வீட்டுக்கு நானும் என் மனைவி பாக்யாவும் குடி போனோம். படுக்கிற அறையில் கட்டிலை ஒட்டிய சுவரில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பெயிண்ட் பொரிந்துகொண்டே இருந்தது. நின்றால் தலை வருகிற உயரம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. காலையில் எழுந்தால் தலையணையில், பாக்யாவின் முடியில், எல்லாம் செதில் செதிலாகக் கிடக்கும். ஓதம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஓதம் கீழேயிருந்து ஏறும், இல்லையென்றால் தளத்திலிருந்து இறங்கும். இது நட்ட நடுச் சுவர், அந்தப் பக்கம் குழாயும் இல்லை, பாத்ரூமும் இல்லை, கை வைத்துப் பார்த்தால் நன்றாகக் காய்ந்த சுவர். வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "நான் வாங்கினப்பவே அப்படித்தாங்க இருந்துச்சு, ஒரு காலண்டர் மாட்டிக்கோங்க" என்றார்.

பாக்யாவுக்கு இருமல் நிற்கவில்லை. "காலண்டர் மாட்டினா இருமல் நின்னுடுமா? நீங்களே ஒரு நாளு சுரண்டி, பட்டி பாத்து, அடிச்சு வுடுங்க" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணி இருக்கும், வெளியே நல்ல வெயில், தெருவில் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்கிறது. நான் குடிக்கிறவன் இல்லை, அன்றைக்கும் குடிக்கவில்லை, இதையும் சொல்லி வைக்கிறேன். கட்டிலை நகர்த்திவிட்டு, பட்டி மாவு இழுக்கிற தகடும் உப்புத்தாளுமாக ஆரம்பித்தேன். மேலே இருந்த வெள்ளை, தகட்டை நுழைத்ததும் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. அதற்குக் கீழே அந்த இடத்தில் மட்டும் விரல் கனத்துக்குப் பட்டி. அதை எடுத்தால் பச்சை பெயிண்ட், வெடித்து உள்ளே அமுங்கியிருந்தது. பச்சைக்குக் கீழே மறுபடி பட்டி, அதற்குக் கீழே ரோஸ், அதுவும் அமுங்கியிருந்தது. அதற்கும் கீழே பட்டி, கடைசியாக நீலம். யாரோ பள்ளத்தை அடைத்து மேலே நிறம் அடித்திருக்கிறார்கள், அது மறுபடி அமுங்கியிருக்கிறது, அடுத்து வந்தவர்கள் மறுபடி அடைத்திருக்கிறார்கள். நீலத்தில் பள்ளம் கிண்ணம் மாதிரி இருந்தது. அதன் ஓரத்தில் பட்டிக்குள் ஒரு முடி சிக்கியிருந்தது. பிரஷ் முடி என்று நினைத்து இழுத்தேன், ஒரு முழ நீளத்துக்கு வந்தது. எந்த பிரஷ்ஷில் அவ்வளவு நீளமாக முடி இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

பாக்யா டீ கொண்டு வந்தாள். எட்டிப் பார்த்து, "என்னங்க இது, இவ்ளோ பள்ளமா இருக்குது?" என்றாள்.

தகட்டைக் கீழே வைத்தேன். அவள் முடியைக் கொத்தாகப் பிடித்தேன்.

கோபம் இல்லை. இதைத்தான் யாருக்கும் புரிய வைக்க முடியவில்லை. சண்டை இல்லை, காலையிலிருந்து ஒரு பேச்சு வார்த்தை கூடத் தடித்து வரவில்லை. தினமும் மெஷினில் பாகத்தை மாட்டி, கதவைச் சாத்தி, பட்டனை அழுத்துகிறேனே, அப்படி, கை தனக்குப் பழகின வேலையைச் செய்தது. அவள் தலையை அந்தப் பள்ளத்தில் மோதினேன். சரியாகப் பொருந்தியது. அந்தப் பொருத்தம் கைக்குத் தெரிந்தது. இரண்டாவது முறை மோதினேன். டீ டம்ளர் என் கால் மேல் கவிழ்ந்து தோல் வெந்தது, அது கூட அப்புறம்தான் தெரிந்தது. மூன்றாவது முறை நீலத்தின் மேல் ரத்தம் பட்டு வழிந்தது. இது எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், நிறுத்த வேண்டும் என்று உள்ளே கத்திக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் என் வாய் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தது, அது என்னவென்று எனக்கே புரியவில்லை.

பாக்யா அப்படியே அடி வாங்கிக்கொண்டு நிற்கிறவள் இல்லை. கீழே கிடந்த தகட்டை எப்படியோ எடுத்து என் முன்கையில் வெட்டினாள், எலும்பு வரைக்கும் போனது. அப்போதும் பிடி விடவில்லை. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ராமப்பா கதவை உதைத்துக்கொண்டு வந்தார். ஆனேக்கல் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். பின்னாலிருந்து என் கழுத்தை வளைத்து, "வுடுய்யா, வுடு!" என்று இழுத்தார். அவர் முகத்தில் முழங்கையால் இடித்தேன், பல் ஒன்று விழுந்தது. அந்த மனிதர் வாயில் ரத்தத்தோடு என்னைச் சுவரிலிருந்து இரண்டடி பின்னால் இழுத்தாரோ இல்லையோ, கை தானாகத் திறந்தது. கட்டிலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒன்பது தையல். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். பாத்ரூமில் விழுந்துவிட்டேன் என்று சொல்லுவாள் என்று நினைத்தேன், அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அவள் என்னைக் கை காட்டி, "இவருதான் அடிச்சாரு" என்றாள். அன்று சாயங்காலமே தேன்கனிக்கோட்டைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த நாள் அவள் அண்ணன் வந்து நடுத்தெருவில் வைத்து என்னை அடித்தார். கையைத் தூக்காமல் வாங்கிக்கொண்டேன். வாங்க வேண்டிய அடிதான்.

ராமப்பா மட்டும்தான் என்னிடம் பேசினார். வீங்கின வாயோடு, "ஏம்ப்பா, எட்டு வருசமா 'ஊட்டா ஆய்தா', சாப்டாச்சான்னு கேக்கறத தவிர ஒரு வார்த்த தெரியாத ஆளு, அவ்ளோ கன்னடா எங்க கத்துக்கின?" என்று கேட்டார்.

நான் கன்னடம் பேசினேனா? என்ன பேசினேன் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டைக் காலி செய்தேன். சாவி வாங்க வந்த வீட்டுக்காரரிடம் அந்தச் சுவரையே இடிக்கச் சொன்னேன், சிரித்தார். அடுத்து குடி வர இருந்தவனையும் தேடிப் போய்ச் சொன்னேன், தேனிப் பக்கத்துப் பையன், புதிதாகக் கல்யாணம் ஆனவன். "அண்ணே, நான் பொம்பளைய அடிக்கிற ஆளு இல்லண்ணே" என்றான். நானும் இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது, சொல்லி என்ன, யார் நம்புவார்கள்.

மூன்று மாசம் கழித்து பாக்யா வந்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, "வந்து பாக்கறேன்" என்றுதான் சொன்னாள். இப்போது வேறு வீடு. அவளுக்குக் கன்னடம் நன்றாக வரும், சின்ன வயசிலிருந்து அம்மா வீட்டுத் தெருவில் பேசிப் பழகினது. ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன், அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று.

"மூணு சொன்னீங்க. மொதல்ல, 'சொல்லு, சொல்லு'ன்னு. அப்புறம் ஒரு பொம்பள பேரு. யாருன்னு தெரியாது."

"மூணாவது?"

"அத சொல்ல மாட்டேன்."

"ஏன் பாக்யா?"

அவள் நெற்றித் தழும்பைத் தடவினாள். "மொத ரெண்டும் என்னைப் பாத்து சொன்னீங்க. மூணாவது உங்க கையப் பாத்து, அதுக்கு வேல சொல்ற மாதிரி சொன்னீங்க. அது என்னன்னு உங்களுக்குப் புரிய வேணாம். அதுக்கோசரம்தான் கேக்கறேன், நீங்க கன்னடம் மட்டும் கத்துக்காதீங்க."

கன்னடம் நல்ல பாஷை, அவளைக் காப்பாற்றின மனிதர் வீட்டில் பேசுகிற பாஷை, அதன் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனாலும் சத்தியம் செய்து கொடுத்தேன். ஓசூரில் இருந்துகொண்டு அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். கடையில் கன்னடம், கேன்டீனில் கன்னடம், கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டிலும் பின் சீட்டிலும் கன்னடம். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பாட்டை உரக்க வைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது அதில் சார்ஜ் இல்லை. பின் சீட்டில் இரண்டு பேர் யாரோ ஒருத்தரின் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். பத்து நிமிஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, கல்யாணத்தைப் பற்றி என்று எனக்கு எப்படித் தெரிந்தது? பஸ்ஸை நிறுத்தச் சொல்லி நடு வழியில் இறங்கி, இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே போனேன்.