கறைபடாத ரெக்கார்டு நோட்டு

பதினோராம் வகுப்பில் நான் எழுதிய டைரி இன்னும் என்னிடம் இருக்கிறது. வேதியியல் டீச்சர் மீது எனக்கிருந்த சந்தேகங்களை அதில் எண் போட்டு எழுதியிருக்கிறேன். மொத்தம் பதினைந்து. ஒன்பதாவது சந்தேகம், அவர் என் நோட்டை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார் என்பது.

அந்த வருடம்தான் அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குக் குடிவந்திருந்தோம். வந்த நாளிலிருந்து அம்மா தண்ணீரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, கழுவிக் கவிழ்த்த டம்ளரில் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கிறது. நான் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை.

எனக்கு வேதியியல் பாடம் இரண்டு ஊர்களில் நடந்தது. வார நாட்களில் அரியலூர்ப் பள்ளியில். சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் பெரம்பலூரில் சித்தப்பாவிடம். சித்தப்பா வீட்டு மாடியில் டியூஷன் நடத்தினார். பெயர் சொல்லாமல் ஓர் உப்பைக் கொடுத்தால் அது எது என்று படிப்படியாகச் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் செய்முறைத் தேர்வு. சித்தப்பாவுக்கு அது ஐந்து நிமிட வேலை. எட்டு மருந்துப் புட்டிகளில் எட்டு உப்புகளை வைத்திருந்தார். நீலமாக இருந்தால் தாமிரம். கையில் கனத்தால் காரீயம். ஊசி ஊசியாக மின்னினால் மக்னீசியம் சல்பேட், பேதிக்குக் கொடுக்கிற அதே உப்பு.

"மொதல்ல ஆளை அடையாளம் கண்டுக்க பாப்பா. அப்பறம் செய்முறை, காண்பன, அறிவன, மூணு பத்தியையும் மனப்பாடமா எழுதிடு. டெஸ்ட் டியூப் அது பாட்டுக்கு நிக்கட்டும்."

பள்ளி டீச்சர் இதற்கு நேர் எதிர். ஆய்வகத்துக்குள் புத்தகத்தைக் கொண்டுவரவே விடமாட்டார். "பாத்ததை எழுதுங்க. படிச்சதை எழுதாதீங்க." அவ்வளவுதான் அவருடைய பாடம். பாடம் நடத்தாமல் தப்பிக்க இது ஒரு வழி என்று நான் நினைத்தேன். அது என் இரண்டாவது சந்தேகம்.

டீச்சர் சொன்னதை அப்படியே செய்தவள் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தவமணி. திருமானூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். டியூஷன் கிடையாது. அவள் நோட்டில் அமிலம் பட்டு அங்கங்கே ஓட்டை விழுந்திருந்தது. மக்னீசியம் சல்பேட் கொடுத்த அன்று அவள் கால்சியம் என்று எழுதினாள். வரிசையாகச் செய்கிற ஆறு தொகுதிச் சோதனைகளில் ஐந்தாவதில் வெளுத்தால் கால்சியம்; மக்னீசியம் ஆறாவதில்தான் தெரியும். டீச்சர் சிவப்பு மையால் அடித்து, மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் கால்சியம். மூன்றாம் முறையும் கால்சியம்.

"ஐந்தாம் தொகுதியில நெசமாவே வெள்ளையா வந்துச்சுடி," என்றாள் என்னிடம். "உனக்கு வரலையா?"

எனக்கு எப்படித் தெரியும். ஊசி ஊசியாக மின்னுவதைப் பார்த்ததுமே நான் மூன்று பத்தியையும் எழுதி முடித்திருந்தேன். சோதனைக் குழாயில் தண்ணீரைத் தவிர எதுவும் ஊற்றவில்லை. "ஒழுங்கா கழுவியிருக்க மாட்ட," என்றேன்.

டீச்சர் எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டார். "கண்ணு முன்னால இருக்கறதைப் பாக்கத் தெரியலன்னா உனக்கு எதுக்கு இந்த குரூப்பு? வரலாறு குரூப்புல இடம் இருக்கு, போயிடு."

அடுத்த வாரம் அவள் போய்விட்டாள். ஜன்னலோர இடம் எனக்குக் கிடைத்தது.

செப்டம்பர் கடைசியில் எல்லாருடைய ரெக்கார்டு நோட்டிலும் டீச்சர் கையெழுத்துப் போட்டார். என்னுடையதில் மட்டும் போடவில்லை. கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது.

"ஒரு கறை இல்லை, ஒரு அடித்தல் இல்லை," என்றார் பக்கங்களைப் புரட்டியபடி. "இது ஆசிட் பக்கத்துல இருந்த நோட்டு மாதிரியே தெரியலையே. சாயங்காலம் இரு. என் எதிர்ல ஒரே ஒரு உப்பு செஞ்சு காட்டு. அப்பறம் கையெழுத்து."

நாலே கால் மணிக்கு ஆரம்பித்தோம். தாளில் மடித்துக் கொடுத்த உப்பைப் பிரித்ததும் எனக்கு மூச்சு வந்தது. ஊசி ஊசியாக மின்னியது. குழாய்த் தண்ணீரில் கரைத்தேன். முதல் நான்கு தொகுதிச் சோதனைகளிலும் சித்தப்பா சொன்னபடியே எதுவும் வரவில்லை. ஐந்தாவதில் அமோனியம் குளோரைடு, அமோனியம் ஹைட்ராக்சைடு, கடைசியாக அமோனியம் கார்பனேட் என்று மூன்று கரைசல்களையும் ஊற்றினேன். கரைசல் வெளுத்தது.

வெளுக்கக் கூடாது. மக்னீசியம் ஆறாம் தொகுதி. என்னை மாட்டிவிட டீச்சர் உப்பில் சாக்பீஸ் தூளைக் கலந்திருக்கிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. கால்சியம் என்று எழுதினால் புட்டியைக் காட்டித் தவறு என்பார். எனவே காண்பன பத்தியில், "வெண்ணிற வீழ்படிவு உண்டாகவில்லை" என்று அழகாக எழுதினேன். வெளுத்த சோதனைக் குழாய் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது.

"வரலையா?"

"வரலைங்க டீச்சர்."

"அப்ப அது என்ன?"

"நீங்கதான டீச்சர் சாக்பீஸ் கலந்தீங்க."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்துபோய், சீல் உடைக்காத புதுப் புட்டி ஒன்றை எடுத்து வந்து என் எதிரிலேயே திறந்தார். அதிலிருந்து உப்பை எடுத்து அவரே செய்தார். ஐந்தாம் தொகுதியில் வெளுத்தது. இன்னொரு முறை செய்தார். வெளுத்தது. பிறகு ஒரு சோதனைக் குழாயைக் கழுவி, உப்பே போடாமல் வெறும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, அதே மூன்று கரைசல்களையும் வரிசையாக ஊற்றினார்.

அதுவும் வெளுத்தது.

ஜன்னலோரம் போய் அதை வெகுநேரம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, நான் எழுதிய பொய்யை அடிக்காமல் நோட்டில் கையெழுத்துப் போட்டார். நான் பையைக் கட்டும்போது அலமாரியில் இருந்த பழைய நோட்டுகளை இறக்கி எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டில் சொன்னபோது அம்மா பருப்பைக் கடைந்துகொண்டே, "அது சுண்ணாம்புத் தண்ணின்னு எங்கிட்ட கேட்டா சொல்லியிருப்பேன்ல, இதுக்கு இத்தனை டியூப்பா," என்றாள். சனிக்கிழமை சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "நான் சொல்லல? டெஸ்ட் டியூப் பொய் சொல்லும் பாப்பா, புஸ்தகம் சொல்லாது." டியூஷன் பிள்ளைகளிடமும் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

ஆனால் சந்தேகம் தீரவில்லை. கையெழுத்துப் போட்டதற்கு மறுநாள் இடைவேளையில் டீச்சர் வரலாறு குரூப் வகுப்பு வாசலில் நின்று தவமணியை வெளியே கூப்பிட்டார். அவர் கையில் ஓட்டை விழுந்த நோட்டு ஒன்று இருந்தது. குடிநீர்க் குழாயருகே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் ஒரு பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து, தணிந்த குரலில் ஏதோ சொன்னார். தவமணி தரையைப் பார்த்தாள். டீச்சர் நோட்டை நீட்டினார். அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். மணி அடித்ததும் உள்ளே போய்விட்டாள். டீச்சர் நோட்டோடு அங்கேயே நின்றிருந்தார்.

பதினைந்தாவது சந்தேகம் டைரியில் இப்படி இருக்கிறது: "டீச்சரும் தவமணியும் வராந்தாவில் ஏழு நிமிடம் நின்றார்கள். என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள்."