பூரிக்கட்டை மாமி

கோமளவல்லி திருவிடந்தையில் பிறந்து செங்கல்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டில் பூரிக்கட்டை என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனால் ஊரில் அவளுக்குப் பெயர் பூரிக்கட்டை மாமி.

எல்லாம் அவள் புருஷன், இங்கிலீஷ் வாத்தியார் உப்பிலி செய்த கைங்கரியம். மூர் மார்க்கெட்டிலிருந்து அமெரிக்கக்காரர்கள் எழுதிய பழைய ஹாஸ்யப் புத்தகங்களை வாங்கி வருவார். அவற்றில் பெண்டாட்டி பூரிக்கட்டையால் அடிப்பாள். புருஷன் மேஜைக்கடியில் ஒளிவான். மேஜையைக் கட்டிலாக்கி, பெண்டாட்டிக்குக் கோமளம் என்று பெயரும் வைத்து, வாரப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவார். சலூனில் அதை உரக்கப் படித்து, ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். 'பாவம், வாத்தியார் எப்படித்தான் குடித்தனம் பண்ணுகிறாரோ' என்று அனுதாபம் வேறு.

"என் பேரையாவது எடுத்துடுங்கோளேன்" என்று ஒருமுறை கேட்டாள்.

"ஹாஸ்யம்னா அப்படித்தான்டி. அங்கேயெல்லாம் பெண்டாட்டிகளே படிச்சுட்டுச் சிரிக்கறா."

அன்றைக்கு ரசத்தில் உப்பு ஒரு கல் கூடிவிட்டது. உப்பிலி வழக்கம்போல் கையில் கிடைத்ததை எடுத்தார். கிடைத்தது பித்தளைச் சொம்பு.

மறுநாள் காலை பால் ஊற்ற வந்த தனபாக்கியம், மாமியின் வீங்கிய கன்னத்தைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இன்னா மாமி, கட்டை கை மாறிப்பூட்ச்சா?"

கோமளவல்லியும் சிரித்து வைத்தாள்.

உள்ளேயிருந்து உப்பிலியின் குரல் வந்தது: "கை மாறிப்பூட்ச்சா! பேஷ், பேஷ்! கோமளம், அந்தப் பேனாவை எடுத்துண்டு வா."