அதே விலைக்கு இரட்டைக்குழல்

துப்பாக்கி உரிமத்தில் எந்த ஆயுதம் குறிப்பிடப்பட்டிருக்கிறதோ, அதை வாங்கவும் வைத்துக்கொள்ளவும் மட்டுமே அந்த உரிமம் செல்லும். விற்பவர் உரிமத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்; அதில் இல்லாத ஒன்றை விற்கக் கூடாது. விற்ற விவரத்தை உரிமத்தின் பின்பக்கம் எழுதிக் கையொப்பமிட்டு, அதிகாரிக்கு உடனே தகவல் அனுப்ப வேண்டும். இந்த விதியின் முதல் பாதி வாங்குபவனைக் காப்பதற்கு. இரண்டாம் பாதி விற்பவனைக் காப்பதற்கு. வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து தாசில்தாராக ஓய்வு பெற்றவள் நான். விதியில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர்கள் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்கள் என்பதை என் பதினோராவது வயதிலேயே பார்த்துவிட்டேன். பார்த்தது புரிவதற்குத்தான் ஒரு உத்தியோகக் காலம் முழுவதும் தேவைப்பட்டது.

எங்கள் ஊர் பூதப்பாண்டிக்கு வடக்கே, வயல் முடிந்து மலை தொடங்கும் இடம். அப்பா மலைச்சரிவில் கொஞ்சம் நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்து, மரச்சீனி என்கிற மரவள்ளி போட்டிருந்தார். முந்தின இரண்டு வருடமும் கிழங்கு முற்றும் நேரம் பார்த்துக் காட்டுப்பன்றிகள் இறங்கி வந்து கிளறித் தின்றுவிட்டன. மூன்றாவது வருடமும் பாட்டம் வராவிட்டால் நிலத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக நிலத்துக்காரர் சொல்லியிருந்தார். அதனால்தான் அப்பா துப்பாக்கி உரிமத்துக்கு மனுப் போட்டார். எங்கள் தாலுகாக்கள் திருவனந்தபுரத்தோடு இருப்பதா சென்னையோடு சேருவதா என்று சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே அதிகாரிகள் பேனாவை மூடி வைத்துவிடுவார்கள். ஒரு வருடம் அலைந்து, ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றுக்கு உரிமம் வாங்கினார். அம்மா தன் இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். 1955 கோடை விடுமுறையில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறினார்.

என்னைக் கூட்டிப் போனதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நான் முதல் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இரண்டாவதுதான் முக்கியம். விலை பேசுவதில் நான் அப்பாவின் கூட்டாளி. வடசேரிச் சந்தையில் மண்வெட்டி வாங்கினாலும் மாடு வாங்கினாலும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். பேச்சு முற்றிய இடத்தில் என் பெருவிரலை ஒரு தடவை அழுத்துவார். உடனே நான் முகத்தைச் சுளித்து, "இது கொள்ளாதுப்பா, போவோம்" என்று சொல்ல வேண்டும். அப்பா, "பிள்ளைக்குப் பிடிக்கேலியே" என்று வருத்தத்தோடு திரும்பி நடப்பார். பத்தாவது எட்டுக்குள் கடைக்காரர் கூப்பிட்டுவிடுவார். முகம் சுளிக்கிற பிள்ளைக்கு இரங்காத வியாபாரி வடசேரியில் இருந்ததில்லை. என்னால் வீட்டுக்கு மிச்சமான தொகையை அம்மாவிடம் ஒவ்வொரு தடவையும் அப்பா சொல்லுவார். நான் அதைக் கேட்பதற்காகவே அடுக்களையில் நிற்பேன்.

திருவனந்தபுரத்துக் கடை வடசேரி மாதிரி இல்லை. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. உள்ளே கால்பந்துகள், டென்னிஸ் மட்டைகள், மீன் பிடிக்கும் தூண்டில் கம்புகள், பெயர் தெரியாத எத்தனையோ ஆட்டச் சாமான்கள். சுவரில் ஒரு மான் தலை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் பழைய துப்பாக்கிகள் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. ஊருக்குத் திரும்பிய தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போனவை. ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் ஒரு சீட்டு, சீட்டில் விலை. எழுதிக் கட்டிய விலையை அப்பா அதற்கு முன் பார்த்ததில்லை. "எழுதுனவனுக்கு அழிக்கத் தெரியாதா?" என்று என் காதில் சொன்னார்.

கடைக்காரர் வெள்ளை ஜிப்பா போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். ஒற்றைக்குழல் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். சீட்டில் இருநூற்றுப் பத்து ரூபாய்.

"நூறு ரூவா" என்றார் அப்பா.

"சாரே, இது தோக்காணு, துப்பாக்கி. சந்தைச் சாமானில்லை."

"கட்டையில கீறல் கிடக்கே."

"கீறலில் கூடி வெடி போகாது சாரே."

அப்பா நூற்றிருபதுக்கு ஏறினார். அவர் இருநூறுக்கு இறங்கினார். அப்பா என் விரலை அழுத்தினார். நான் முகம் சுளித்து என் வசனத்தைச் சொன்னேன். இருவரும் வெளியே நடந்தோம். பத்து எட்டு ஆயிற்று. இருபது ஆயிற்று. தெருமுனை வரை போய்விட்டோம். யாரும் கூப்பிடவில்லை. நல்லவேளையாக அப்பா குடையை வேண்டுமென்றே கடையில் விட்டுவிட்டு வந்திருந்தார். அது அவருடைய கடைசி ஆயுதம். குடையை எடுக்கத் திரும்பிப் போனபோது, கடைக்காரர் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"சாரைப் போல விட்டுப் போனவருடே ஒரு கூட்டம் குடை உண்டு இவிடே" என்று சிரித்தார்.

மறுபடி உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. நூற்றைம்பது வரை அப்பாவும் நூற்றெழுபது வரை அவரும் வந்து நின்றார்கள். அப்பா மறுபடியும் என் பெருவிரலை அழுத்தினார்.

"இது கொள்ளாதுப்பா" என்றேன்.

இந்தத் தடவை கடைக்காரர் அப்பாவைப் பார்க்கவில்லை. என் பக்கம் குனிந்தார்.

"மோளுக்கு இது வேண்டாம். சரி. பின்னே ஏதாணு இஷ்டம்?"

இந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. இதற்கு வசனம் எதுவும் அப்பா சொல்லித் தரவில்லை. வரிசையின் ஓரத்தில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி நின்றது. அதன் இடுப்பில் வெள்ளித் தகடு. தகட்டில் இரண்டு பறவைகள் பறந்துகொண்டிருந்தன. நான் விரலை நீட்டினேன்.

கடைக்காரர் அதை எடுத்துத் தூசி தட்டினார். தூசி நிறையவே இருந்தது. சீட்டில் முந்நூற்றைம்பது. அதைப் பிய்த்துப் போட்டார்.

"மோளு சொன்னதுகொண்டு, நூற்றெழுபதுக்கு இதைத் தராம். ஒற்றைக்குச் சொன்ன அதே விலை."

அப்பா மூச்சை இழுத்ததை என் கையில் உணர்ந்தேன். அப்படியும் அவர் சும்மா இருந்துவிடவில்லை. நூற்றறுபதுக்குக் கொண்டுவந்து, மேலே பத்துத் தோட்டாவும் குழல் துடைக்கும் கம்பியும் கேட்டு வாங்கினார். எனக்கு ஒரு பழைய டென்னிஸ் பந்து கிடைத்தது. கடைக்காரர் உரிமத்தை இரண்டு பக்கமும் நிதானமாகப் படித்தார்.

"இதில் ஒற்றை எந்நு காணுது. சாரமில்லை, பரவாயில்லை. ஒரு அபேட்சை எழுதிக் கொடுத்தால் திருத்தித் தரும்."

"ஒரு குழலுக்கு அனுமதி குடுத்தவன் ரெண்டுக்கு மாட்டேன்னா சொல்லுவான்?" என்றார் அப்பா.

கடைக்காரர் உரிமத்தின் பின்பக்கம் எல்லா விவரங்களையும் அழகான எழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டார். அதிகாரிக்குப் போக வேண்டிய தகவலை அன்று மாலைத் தபாலிலேயே அனுப்பியும் விட்டார். அவர் தரப்பில் ஒரு குறையும் இல்லை. அந்தத் துப்பாக்கி எத்தனை காலம் விலை போகாமல் நின்றது என்பதையும், இரட்டைக்குழலுக்கு உரிமம் உள்ளவன் ஏன் பழசை வாங்க வருவதில்லை என்பதையும் அப்பா கேட்கவில்லை. முந்நூற்றைம்பதை நூற்றறுபதாக்கியவர் வேறென்ன கேட்பார்?

பதினோராவது நாள் ஏட்டையா சைக்கிளில் வந்தார். அதுவரை துப்பாக்கி ஒரு தோட்டாவும் வெடிக்கவில்லை. வருகிறவர்களுக்குக் காட்டவே அப்பாவுக்கு நேரம் சரியாக இருந்தது.

"லைசென்ஸு ஒத்தைக்கு. வீட்டுல இருக்கது ரெட்டை. ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்" என்றார் ஏட்டையா.

"ஏட்டையா, நான் ஒரு குழலுலதான் வெடி வைப்பேன்."

"மத்தக் குழலு?"

"அது சும்மா இருக்கும்."

"அப்பம் அதை அறுத்துப் போட்டுட்டு வாரும். ஒத்தைன்னு எழுதித் தாறேன்."

முற்றத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

மறுவாரம் அப்பா திருவனந்தபுரம் போனார். இந்தத் தடவை என்னைக் கூட்டிப் போகவில்லை. கடைக்காரர் மரியாதையாக உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, ஸ்டேஷனிலிருந்து விடுவித்துக் கொண்டுவந்தால் அறுபது ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னாராம். விற்றபோதே பழசு, திரும்ப வாங்கும்போது இன்னும் பழசு. அப்பா எழுந்து வந்துவிட்டார். குடையை மறக்கவில்லை.

பிறகு மனுக்கள். எல்லாவற்றையும் எழுதியது நான். முதல் பாரத்து இங்கிலீஷ். முதல் மனு ஸ்டாம்பு குறைவு என்று திரும்பியது. இரண்டாவது, அசல் உரிமம் இணைக்கவில்லை என்று திரும்பியது. அசல் உரிமத்தைத் துப்பாக்கியோடு ஸ்டேஷனில் வாங்கி வைத்திருந்தார்கள். மூன்றாவதுக்கு ஒரு கேள்வி வந்தது: இரண்டாவது குழலின் அவசியம் என்ன? 'பன்றிகள் ஒற்றையாக வருவதில்லை' என்று அப்பா சொல்ல, நான் எழுதினேன். நானும் பிற்காலத்தில் மனுக்களை இதே மூன்று காரணங்களுக்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்றும் செல்லத்தக்க காரணங்கள்தான்.

மார்கழியில் கிழங்கு முற்றியது. அப்பா மண்ணெண்ணெய்த் தகரமும் தீப்பந்தமுமாகத் தோட்டத்திலேயே படுத்தார். மூன்று வாரம் தகரம் அடித்துத் தாக்குப் பிடித்தார். பிறகு ஒரு நாள் நான்கு பேர் அவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பன்றி தொடையைக் கிழித்திருந்தது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். திரும்பி வந்தபோது இடது கால் குட்டையாகியிருந்தது. மரச்சீனி இருந்த இடத்தில் குழிகள் இருந்தன. நிலம் வேறு ஆளிடம் இருந்தது. அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

அந்த வருடம் முழுவதும் அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு, பழையபடி என் கையைப் பிடித்துத்தான் வடசேரிக்குப் போனார். புளி என்ன விலை என்று கேட்பார். கடைக்காரர் சொல்லுவார். அப்பா மடியை அவிழ்த்து எண்ணிக் கொடுத்துவிடுவார். நான் பெருவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு கடையில் பொறுக்க முடியாமல் நானே அவர் விரலை அழுத்திப் பார்த்தேன்.

"என்ன மக்களே, கால் வலிக்கா?" என்று கேட்டார்.

கேட்ட விலையைக் கொடுக்கிறவர்கள் பணக்காரர்கள் என்பதுதான் நான் சந்தையில் கற்றிருந்த பாடம். ஆகவே நாங்கள் பணக்காரர்களாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளியில் இரண்டு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

அதற்குள், வருடம் ஒன்று கடந்த ஒப்படைப்பு என்று துப்பாக்கியை ஸ்டேஷனிலிருந்து திருவனந்தபுரத்துக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். 1956 நவம்பர் முதல் தேதி எங்கள் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்-கொச்சி என்ற மாநிலம் அன்றோடு இல்லாமல் போயிற்று. பள்ளியில் ஆளுக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தார்கள். ஒன்றை அப்பாவுக்குக் கொண்டுவந்தேன்.

சில நாள் கழித்து ஒரு பழுப்பு உறை வந்தது. நான் நின்றுகொண்டு படித்தேன். மனுதாரரின் வேண்டுகோள் ஏற்கப்பட்டது. உரிமத்தில் ஒற்றைக்குழல் என்பது இரட்டைக்குழல் எனத் திருத்தப்படுகிறது. முப்பது நாளுக்குள் கிடங்கில் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

"ரெட்டைன்னே எழுதியிருக்கா மக்களே?"

"எழுதியிருக்குப்பா."

"பாத்தியா, குடுத்துட்டான்" என்றார் அம்மாவிடம். அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள். எங்களுக்குத் துப்பாக்கி கிடைத்துவிட்டதென்று சொல்ல நான் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

கடிதத்தின் கடைசி வரியை நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. எல்லாக் கடிதத்திலும் இருக்கிற வரி என்று நினைத்தேன். உரிமம் செல்லுபடியாகும் எல்லை: திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் முழுவதும். கையொப்பம் அக்டோபர் முப்பத்தொன்று. அலுவலகம் கைமாறும் கடைசி நாளில் மேஜையைக் காலி செய்ய, தேங்கிய கோப்புகளையெல்லாம் படிக்காமல் 'அனுமதிக்கலாம்' என்று போட்டுத் தள்ளுவார்கள். நானும் தள்ளியிருக்கிறேன். பதினாறு மாதத்துக்கு மேல் நாங்கள் காத்திருந்த அந்தப் பதில் எங்கள் வீட்டுக்கு வந்தது 1956 நவம்பர் ஐந்தாம் தேதி.